கட்டிக்கு ரத்தம் பாயுது

மட்டாஞ்சேரியில் தமிழ் எம்.ஏ. படித்தவளுக்குச் சம்பளமில்லாத வேலை ஒன்று உண்டு: ஸ்கேன் ரிப்போர்ட் படித்துச் சொல்வது. பக்கத்து ஃபோர்ட் கொச்சி தோபிக்கானாவில் தலைமுறைகளாகத் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்களிலிருந்து வருவார்கள். டாக்டர் பேசுவது மலையாளம், ரிப்போர்ட் ஆங்கிலம்.

அப்படி வந்த ஒரு பெண்ணுக்கு வயது 38. இடது சினைப்பையில் 4 செ.மீ. நீர்க்கட்டி. டாக்டர் 'முழ' என்றாராம். மலையாளத்தில் சாதாரண வீக்கம் முதல் புற்று வரை எல்லாமே முழதான். நம் 'கட்டி'யும் அப்படித்தானே. நான் தடுமாறியது அடுத்த வரியில். கலர் டாப்ளரில் கட்டியைச் சுற்றி ரத்த ஓட்டம் தெரிவதாக எழுதியிருந்தது.

"கட்டிக்கு ரத்தம் பாயுது" என்றேன்.

"அப்ப வளருதாக்கா?"

உடனே பதில் சொல்லியிருக்கலாம். புற்றுக்கட்டி தன் தீனிக்காகப் புதிய ரத்தக் குழாய்களை வரவழைத்துக்கொள்கிறது என்று ஜூடா ஃபோக்மன் 1971ல் சொன்னதை எப்போதோ மொழிபெயர்த்திருந்தேன். அந்த அரைகுறை ஞானம் வாயை அடைத்துவிட்டது. என் மௌனத்தை அவள் தெளிவாகப் படித்துக்கொண்டாள். காலையில் மாமியார் வாசலில் நின்றார். "ராத்திரி பூரா அழுவுறா. என்னத்தைப் படிச்சுச் சொன்னீங்க?"

அவளோடு நானும் டாக்டரிடம் போனேன். அவர் சிரித்துவிட்டு, காகிதத்தில் ஒரு வளையம் வரைந்தார். மாதந்தோறும் கருமுட்டை வெளியேறிய பிறகு, அது இருந்த பை 'கார்பஸ் லூட்டிய'மாக மாறுகிறது. ஹார்மோன் சுரக்க அதற்கு ரத்தம் வேண்டும். சில நாட்களிலேயே சுற்றிலும் ரத்தக் குழாய்கள் முளைத்துவிடும். இவளுக்கு அந்தப் பையில்தான் நீர் கோத்திருந்தது.

குழாய்களை முளைக்கவைக்கும் முக்கியப் புரதம் வி.இ.ஜி.எஃப். 1989ல் நப்போலியோனே ஃபெராராவின் குழு அதைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டது. 1998ல் எலிகளில் அதைத் தடுத்துப் பார்த்தார்கள். கார்பஸ் லூட்டியத்தில் குழாய் வளர்ச்சி ஏறக்குறைய நின்றேபோனது. புற்றுக்கட்டி பயன்படுத்துவதும் இதே புரதத்தைத்தான். பழைய ரத்தம் தேங்கிய 'சாக்லேட்' கட்டியிலும் இது உண்டு. புற்றான கட்டியின் நீரில் சராசரியாக அதிகம். ஆனால் ஒரு வகையின் அளவும் இன்னொன்றின் அளவும் கலந்து கிடப்பதால், இதை மட்டும் வைத்து இன்ன கட்டி என்று சொல்லிவிட முடியாது. (இதெல்லாம் பிறகு படித்தது. முதலில் படித்திருக்க வேண்டும்.)

ரத்தம் எங்கே பாய்கிறது என்பதையும் டாக்டர்கள் பார்க்கிறார்கள். கட்டிக்குள் துருத்தி நிற்கும் திடமான சதைக்குள் பாய்ந்தால் கவலை. அவளுக்கு அப்படி எதுவும் இல்லை; ஓரமாக ஒரு வளையம் மட்டும். ஆறு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

அந்த ஆறு வாரமும் அவள் என் தெருப்பக்கம் வரவில்லை. பிறகு ஒரு நாள் புது ரிப்போர்ட்டோடு வந்தாள். கட்டி கரைந்துவிட்டிருந்தது. நான் கண்ணாடியைத் தேடினேன்.

"டாக்டரே சொல்லிட்டாருக்கா. நீங்க சும்மா பாருங்க" என்றாள்.