41 பேர் கேட்ட பாட்டு

மாதம் ஒரு தடவை இங்கே புதுப் பாட்டுகளைப் பற்றி எழுதுவது வழக்கம். சினிமாப் பாட்டு இல்லை, அதற்கு எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கம்பெனி, தயாரிப்பாளர் எதுவும் இல்லாமல், வீட்டில் ஓர் அறையில் உட்கார்ந்து பாட்டுப் போட்டு இணையத்தில் விடுகிறார்களே, அந்த இண்டி ஆட்களைப் பற்றி. அப்புறம் கம்ப்யூட்டரையும் சிந்தசைசரையும் வைத்துக்கொண்டு வித்தை காட்டுகிற எலக்ட்ரானிக் ஆட்களைப் பற்றி.

மணிநகர் பக்கம் காய்கறி வாங்கப் போகும்போது அடிக்கடி பார்க்கிற நண்பர் ஒருவர் கேட்பார்: "இதையெல்லாம் யார் சார் கேக்குறா? நீங்க எழுதி என்ன ஆகப்போகுது?" நியாயமான கேள்வி. அகமதாபாத்தில் குடும்பம் நடத்துகிற தமிழனுக்கு, ஆபீஸ், பிள்ளைகள் படிப்பு, ஊரில் இருக்கும் பெரியவர்களின் மாத்திரைக் கணக்கு எல்லாம் போக மிஞ்சுகிற நேரமே கொஞ்சம். அதில் யாரோ முன்பின் தெரியாதவர் போட்ட பாட்டைக் கேட்டு நாலு வரி எழுதுவானேன்?

இந்த மாதம் அதற்குப் பதில் சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன். விமர்சனமும் உண்டு. கடைசியில் ஒரு வீட்டுத் தயாரிப்பும் உண்டு.

1. பால்டியில் தூங்கிய நாடாக்கள்

நான் ஆபீஸ் போகிற வழியில், சாபர்மதிக் கரையில் பால்டி என்ற இடத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் இருக்கிறது. என்.ஐ.டி. என்றால் எல்லாருக்கும் தெரியும். 1961-ல் ஆரம்பித்தது. நாற்காலி, துணி, எழுத்துரு எல்லாம் வடிவமைக்கக் கற்றுத் தரும் இடம் என்றுதான் பல வருஷம் நினைத்துக்கொண்டு அதன் வாசலைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

1969-ல் அங்கே ஒரு மோக் சிந்தசைசர் வந்து இறங்கியது. கூடவே அமெரிக்காவிலிருந்து டேவிட் டியூடர் என்ற இசைக்கலைஞர் வந்து, அதை மாட்டி ஓட்டிக் காட்டினார். இதற்குப் பின்னால் இருந்தவர் கீதா சாராபாய். சாராபாய் என்றதும் நமக்கு ராக்கெட் விக்ரம் சாராபாய் ஞாபகம் வரும். கீதா அவருடைய தங்கை. பக்கவாஜ் வாசித்தவர். 1940-களில் நியூயார்க் போய் ஜான் கேஜுக்கு நம் சங்கீதத்தைச் சொல்லிக்கொடுத்து, பதிலுக்கு அவரிடம் மேற்கத்திய இசை கற்றவர்.

அந்த மோக்கை வைத்து 1969 முதல் 1972 வரை கீதா சாராபாய், ஐ.எஸ்.மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி.சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் என்னென்னவோ செய்து பார்த்து நாடாவில் பதிந்தார்கள். அத்தோடு சரி. நாடாக்கள் நிறுவனத்தின் காப்பகத்தில் போய்ப் படுத்துக்கொண்டன. நாற்பது வருஷத்துக்கும் மேல் வெளியுலகத்துக்கு ஒன்றும் தெரியாது. பால் பர்காஸ் என்ற பிரிட்டிஷ் கலைஞர் தேடிப்பிடித்துத் தூசு தட்டி, 2023-ல் 'தி என்.ஐ.டி. டேப்ஸ்' என்று இசைத்தட்டாக வந்தது.

எப்படி இருக்கிறது? எல்லாமே அமிர்தம் என்று சொன்னால் பொய். சில துண்டுகள், புது சைக்கிள் கிடைத்த பையன் தெருவையே நாலு சுற்றுச் சுற்றுவது மாதிரிதான். இந்தக் குமிழைத் திருகினால் என்ன சத்தம், அந்த ஒயரை மாற்றிச் செருகினால் என்ன சத்தம் என்று பார்க்கிறார்கள். ஆனால் சர்மாவின் 'டான்ஸ் மியூசிக்' என்ற துண்டுகளைக் கேளுங்கள். பதினைந்து வருஷம் கழித்து வெளிநாட்டில் டெக்னோ என்று பெயர் வைத்துக் கொண்டாடிய சங்கதியின் வாடை அடிக்கிறது. மாத்தூரின் ஒரு துண்டுக்கு, 'ஒரு காலத்தில் தம்புரா வாசித்தேன்' என்று அர்த்தம் வருகிற மாதிரித் தலைப்பு. எனக்கு அந்தத் தலைப்பே போதும்.

இதை ஹெட்போனில், ராத்திரியில் கேட்கவும். காரில் போட்டால் கார்தான் ரிப்பேர் என்று நினைத்துக்கொள்வீர்கள். தங்கமணி அப்படித்தான் நினைத்தார் :-)

2. பத்து ராகம், ஒரே கொட்டு

சரண்ஜித் சிங் பம்பாயில் இந்தி சினிமா ஆர்கெஸ்ட்ராக்களில் கிட்டார் வாசித்தவர். 1982-ல் ரோலண்ட் கம்பெனியின் மூன்று மெஷின்களை வைத்துக்கொண்டு ஒரு தட்டுப் போட்டார். டிஸ்கோ தாளத்துக்குப் பத்து ராகங்கள் என்பதுதான் அதன் தலைப்பு, அதுதான் உள்ளே இருப்பதும். தட்டு விலைபோகவில்லை.

அந்த மூன்றில் ஒன்று டி.பி.-303. கூட வாசிக்க ஆள் இல்லாத கிட்டார்காரர் தனியாகப் பழகுவதற்கு, பேஸ் கிட்டாருக்குப் பதிலாகச் செய்த பெட்டி. பேஸ் கிட்டார் மாதிரியே அது கேட்காது. 1984-ல் கம்பெனியே தயாரிப்பை நிறுத்திவிட்டது. பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்ததை சிகாகோ இளைஞர்கள் வாங்கித் திருகித் திருகி, 1987-ல் ஃப்யூச்சர் என்ற குழு 'ஆசிட் ட்ராக்ஸ்' வெளியிட்டது. அதிலிருந்து ஆசிட் ஹவுஸ் என்று ஒரு வகையே கிளம்பியது. நம்ம சிங் அதே பெட்டியில் அதே மாதிரி சத்தத்தை ஐந்து வருஷம் முன்னாடியே போட்டு வைத்திருக்கிறார்.

எப்படி? அந்தப் பெட்டியில் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகிற வசதி உண்டு. ராகம் வாசிக்கிறவனுக்கு அது போதாதா? நமக்குக் கமகம், அவர்களுக்கு மீண்ட். மெஷினில் நம் சங்கீதத்துக்குத் தோதான சந்து எங்கே இருக்கிறது என்று தேடிப் புகுந்திருக்கிறார்.

கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தத் தட்டில் ஒரு விளையாட்டு இருக்கிறது. மால்கௌன்ஸ் என்று போட்டிருப்பது நம் இந்தோளம். பூபாலி என்பது மோகனம். கலாவதி என்பது வலஜி. பைரவ் ஒலித்தால் மாயாமாளவகௌளை, சரளி வரிசை ஞாபகம் வந்து காலே தாளம் போடும். தோடி என்று போட்டிருப்பதை நம் தோடி என்று நினைத்து உட்கார்ந்தால் ஏமாற்றம். அது நம் சுபபந்துவராளிக்குப் பக்கத்து வீடு.

குறை: கொட்டு முதல் ராகத்திலிருந்து பத்தாவது ராகம் வரை மாறாமல் அடிக்கிறது. ஐந்தாவது ராகத்தில் எனக்கு அலுப்புத் தட்டிவிடும். இரண்டிரண்டாகக் கேட்டால் தேன்.

2010-ல் 'பாம்பே கனெக்‌ஷன்' என்ற நெதர்லாந்து லேபிள் இதை மறுபடி வெளியிட்டது. எழுபது வயதில் அந்த மனிதர் வெளிநாட்டு மேடைகளில் போய் வாசித்தார். 2015-ல் காலமானார். கடைசி ஐந்து வருஷமாவது கிடைத்ததே என்று சந்தோஷப்படுவதா, நடுவில் போன இருபத்தெட்டு வருஷத்துக்கு வருத்தப்படுவதா?

நண்பர் கேள்விக்கு என் பதிலில் பாதி இதுதான். 1982-ல் யாராவது ஒரு ஆள், ஒரு பேப்பரின் மூலையில், 'ஐயா, இதில் என்னமோ இருக்கிறது, இரண்டிரண்டாகக் கேளுங்கள்' என்று எழுதி, அது நாலு பேர் கண்ணில் பட்டிருந்தால்? உலகம் புரண்டிருக்காது. ஆனால் அவர் இன்னொரு தட்டை இந்த வழியில் போட்டிருக்கலாம்.

3. பாட்டியும் பாட்டு ஆகலாம்

2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தபோது எங்கள் பெரியவள் ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடம் லேப்டாப்பில் நடந்த காலம். எங்கள் சொசைட்டியில் குஜராத்திப் பிள்ளைகள், சிந்திப் பிள்ளைகள் எல்லாம் அர்த்தம் தெரியாமல் அதைப் பாடிக்கொண்டு திரிந்தார்கள். தமிழ் தெரிந்த ஒரே வீடு என்பதால் எங்கள் வீட்டுக்கு வந்து அர்த்தம் கேட்டார்கள். இவள் என்னிடம் கேட்டாள். வீட்டில் தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. அதற்கு முந்தின வருஷம்தான் மணிநகரில் இருந்த தமிழ்வழிப் பள்ளியை மாணவர் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று மூடியிருந்தார்கள்.

"எஞ்சாமின்னா என்னப்பா?"

"என் சாமி. ஆச்சி உன்னை எந்தங்கம், எந்தங்கம்னு கொஞ்சுவாங்கல்ல, அந்த மாதிரி."

பாட்டின் பின்னால் அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இருக்கிறார், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர் என்று சொன்னேன். அப்படியே கூட்டிக்கொண்டு போய், 2019-ல் அறிவும் ஆஃப்ரோவும் சேர்ந்து போட்ட 'தெருக்குரல்' ஆல்பத்தையும் கேட்க வைத்தேன். அதில் பாதி அவளுக்குப் புரியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் மண்டையில் ஏறிவிட்டது. பாட்டியை வைத்தும் பாட்டுப் போடலாம்.

4. வீட்டுத் தயாரிப்பு

இப்போது பதினொன்றாம் வகுப்பு. பேண்ட்லேப் என்ற இலவச மென்பொருளில் ஒரு பாட்டுச் செய்து இணையத்தில் விட்டிருக்கிறாள். தலைப்பு, 'சாப்ட்டியா'. மூன்று நிமிஷம் பன்னிரண்டு விநாடி. இரண்டு மாதத்தில் 41 பேர் கேட்டிருக்கிறார்கள். அதில் ஏழெட்டுத் தடவை நான்.

ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ஒரு விதி உண்டு. பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்குக் காசு கிடையாது. அதைப் படித்துவிட்டு, "அப்போ இதெல்லாம் பாட்டே இல்லையாப்பா?" என்று கேட்டாள். அப்புறம் ஒரு நாள், "யார் யார் பாட்டுக்கோ எழுதுறீங்க. என் பாட்டுக்கு எழுதுவீங்களா? பொய் சொல்லக் கூடாது" என்றாள்.

எழுதுகிறேன். பொய் இல்லாமல்.

பாட்டில் இருப்பது இரண்டே சரக்கு. ஒன்று, திருநெல்வேலியிலிருந்து எங்கள் அம்மா வாட்ஸப்பில் அனுப்பும் குரல் செய்தி: "சாப்ட்டியாட்டி? என்ன கொளம்பு?" இன்னொன்று, நவராத்திரியில் எங்கள் சொசைட்டி மைதானத்தில் கர்பா ஆடும்போது போனில் பதிந்த மூன்று கைத்தட்டல். அந்தத் தட்டலை வெட்டி ஒட்டித் தாளமாக்கி, அதன் மேல் ஆச்சி குரலைச் சுற்ற விட்டிருக்கிறாள். 'கொளம்பு' என்ற சொல்லின் வாலை மட்டும் நறுக்கி, அதையே ஒரு மேளம் மாதிரி வாசித்திருக்கிற இடம் அருமை. வேறு யாராவது போட்டிருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பேன்.

குறையும் உண்டு. ஒன்றே முக்கால் நிமிஷத்தில் ஒரு பெரிய பேஸ் ட்ரம் வந்து இறங்கி ஆச்சி குரலை விழுங்கிவிடுகிறது. அப்புறம் கடைசி வரை இரைச்சலுக்குள்ளிருந்து எங்கேயோ கேட்கிறது. ட்ரம்மைக் குறை, குரலை முன்னால் கொண்டுவா என்றேன்.

"எனக்கு ஆச்சி குரல் அப்படித்தான்ப்பா கேக்கும். தூரத்துல, சத்தத்துக்கு நடுவுல."

நான் ஒன்றும் சொல்லவில்லை. ட்ரம் அதிகம் என்பதுதான் இப்போதும் என் கருத்து. அவள் சொன்னதையும் இங்கே போட்டுவிட்டேன். கேட்கிறவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

எங்கள் இரண்டு பேரையும் தூக்கிச் சாப்பிட்டது ஆச்சி செய்த விமர்சனம். எண்பத்தொரு வயசு, காது கொஞ்சம் மந்தம். அண்ணன் போனைக் காதில் வைத்துப் பொறுமையாக முழுசும் கேட்டுவிட்டு, பேத்தியைக் கூப்பிட்டார்: "ஏட்டி, சாப்ட்டியா சாப்ட்டியான்னு நான் இத்தன வாட்டி கேக்கேன். நீ ஒரு வாட்டியாவது பதில் சொன்னியா? கொட்டடிச்சிட்டே இருக்க?"

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இரண்டு நாள் கழித்து என்னிடம் வந்து, "ஆச்சிக்குப் பதில் சொல்ற மாதிரி இன்னொண்ணு பண்ணப் போறேன். அதுல நான் தமிழ்ல பேசணும். ஆச்சி பேசுற மாதிரித் தமிழ். சொல்லித் தாங்க" என்றாள்.

நண்பர் கேள்விக்கு என் பதிலின் மறுபாதி இது. பாட்டுப் போட்டவருக்குத் தேவை நட்சத்திரமோ மார்க்கோ இல்லை. ஒரு ஆள் முழுசாகக் கேட்டான், எந்த நிமிஷத்தில் என்ன ஆனது என்று கவனித்தான் என்கிற தகவல் போதும். அடுத்த பாட்டு அதிலிருந்துதான் வருகிறது. அதனால், ஆயிரம் பேர் கேட்காத பாட்டு எதையாவது நீங்கள் கேட்டால், கேட்டேன் என்று அவருக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். பிடிக்காவிட்டாலும், எந்த இடத்தில் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள்.

இப்போதைக்கு வீட்டில் 'திங்க', 'உங்க' வித்தியாசம் பாடம் நடந்துகொண்டிருக்கிறது. பாட்டு வந்ததும் சொல்கிறேன்.

பி.கு.: சரண்ஜித் சிங்கை முதன்முதலாகக் கேட்கிறவர்கள் கலாவதியில் ஆரம்பிக்கவும். வலஜி பிடித்தவர்கள் நன்றி சொல்வீர்கள்.