கேள்வியை முதலில் சொல்லட்டும்

கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் சரியாகப் போடும் பிள்ளை, அதே கணக்கு நாலு வரி வாக்கியமாக வந்தால் திகைத்துப்போகும். "இவனுக்குக் கணக்கே ஏறலை சார்" என்று பெற்றோர் வருத்தப்படுவார்கள். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற நான் பார்த்தவரை, கோளாறு பாதிக்குமேல் கேள்வியைப் படிப்பதில்தான்.

ஆஸ்திரேலியாவில் ஆன் நியூமன் என்பவர் 1977-ல் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் தவறுகளைப் பிரித்துப் பார்த்தார். வாசிப்பது, பொருள் புரிவது, எந்தக் கணக்கு என்று முடிவு செய்வது, போடுவது, விடை எழுதுவது என்று ஐந்து படிகள். ஏறக்குறைய பாதித் தவறுகள் முதல் மூன்று படிகளிலேயே, கணக்குப் போடத் தொடங்கும் முன்பே, நடந்திருந்தன.

எதிர்வீட்டுப் பேரன் நாலாம் வகுப்பு. ஒருநாள் அவனுடைய வீட்டுப்பாடத்தில் ஒரு கேள்வி: ராமுவிடம் 12 கோலிகள், இது பாலுவிடம் இருப்பதைவிட 5 அதிகம், பாலுவிடம் எத்தனை?

"பதினேழு தாத்தா."

"எப்படிடா?"

"அதிகம்னு வந்தா கூட்டணும்னு டியூஷன்ல சொன்னாங்க."

பென்சிலைக் கீழே வைக்கச் சொன்னேன். "யார்கிட்ட ஜாஸ்தி?"

"ராமுகிட்ட."

"அப்ப பாலுகிட்ட பன்னிரண்டைவிடக் கூடவா, குறைவா?"

உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தான். "குறைவு... ஏழு!" வேறொன்றும் நான் சொல்லித் தரவில்லை.

'மொத்தம்' என்றால் கூட்டு, 'மீதி' என்றால் கழி என்ற குறுக்குவழி தொடக்கப் பள்ளியிலேயே இப்படிச் சறுக்கும். இயற்கணிதம் வந்ததும் முழுதாகக் காலை வாரிவிடும். ஆங்கிலவழிப் பிள்ளைகளுக்கு இன்னும் சிரமம். '4 லெஸ் தேன் த்ரீ எக்ஸ்' என்பதை வந்த வரிசையிலேயே 4 − 3x என்று எழுதிவிடுவார்கள். 'மூன்று எக்ஸைவிட 4 குறைவு' என்று தமிழில் சொல்லிப் பார்த்தால் 3x − 4 தானாக வரும். அதற்காகத் தமிழ்வழியில் படித்தால் சிக்கலே இல்லை என்றும் சொல்ல முடியாது. கோலிக் கணக்கு தமிழில்தானே இருந்தது! நம் பழைய கணக்கதிகாரம் கணக்குகளைச் செய்யுளிலேயே சொன்ன நூல். அதைப் படித்தவர்கள் பொருள் பிரித்த பிறகுதான் கணக்குக்கே போயிருக்க முடியும்.

மொழி போதும், வாய்ப்பாடு வேண்டாம் என்று நினைத்துவிட வேண்டாம். ஏழெட்டு ஐம்பத்தாறு நாக்கில் நிற்காதவன், கேள்வி புரிந்தும் நடுவழியில் நிற்பான். தமிழக அரசு 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடக்க வகுப்புகளில் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறது, நல்ல காரியம். ஆனால் மேல்வகுப்புகளில் கணக்குப் பாடவேளை என்றால் இன்றும் ஆசிரியர் பேசுவார், பிள்ளைகள் எழுதுவார்கள். பிள்ளைகள் பேச வேண்டும்.

வீட்டில் பிள்ளை கணக்கு நோட்டோடு வந்து நின்றால், எண்களை விட்டுவிட்டு அந்தக் கேள்வியைக் கதைபோல, வீட்டில் பேசும் பேச்சிலேயே சொல்லச் சொல்லுங்கள். சொல்லி முடித்த பிறகு பென்சிலைக் கொடுங்கள்.