பிக் சத்தமும் ஒரு மெல்லிய குரலும்

அக்கூஸ்ரிக் கிற்றாரை ஒலிப்பதிவு செய்து கேட்டால், கம்பியின் நாதத்துக்கு முன்னால் பிக் தட்டுற 'டிக் டிக்'தான் காதில் விழும். நேரில் கேட்கேக்க அது பெரிசாத் தெரியாது. கிட்ட வைத்த மைக் அதைப் பிடித்துவிடும். எங்கட குழுவில் பாடுறவளுக்கு மெல்லிய குரல். வரிகளும் அவளே எழுதியவை. அதில் ஒரு சொல் அமுங்கினாலும் எங்களுக்கு மனம் கேட்காது.

ஸ்ரூடியோவுக்குக் கொடுக்கக் காசில்லை, ஹொஸ்டல் அறைதான். அதனால் கையிலிருந்தே தொடங்கினோம். 0.46 மில்லிமீற்றர் போன்ற மெல்லிய பிக் வளைந்து மீளேக்க தானே சடசடக்கும். 1 மில்லிமீற்றர் அளவில் முனை உருண்ட பிக்கை எடுத்து, தளர்வாகப் பிடித்து, சற்றே சரித்து மீட்டினோம். கூடச் சரித்தால் தடித்த கம்பிகளில் உரசல் வரும். மைக்கைக் கிற்றாரின் துளைக்கு நேரே வைக்காமல், 12ஆவது ஃப்ரெட்டுக்கு நேரே 30 சென்ரிமீற்றர் தள்ளி வைத்தோம். முக்கால்வாசிச் சத்தம் இதிலேயே அடங்கிவிட்டது.

மிச்சத்துக்குத்தான் கணினி. ஈக்யூவில் 2 முதல் 5 கிலோஹேர்ட்ஸ் பக்கம் இரண்டு மூன்று டெசிபல் குறைத்துப் பாருங்கோ. கம்பிரசர் போட்டால் அற்றாக் நேரத்தைக் குறுக்க வேணும். நீட்டினால் தட்டல் தப்பி இன்னும் முன்னுக்கு வந்து நிற்கும்.

ஆனால் முழுசா அழிக்கவில்லை. அழித்தால் போர்வைக்குள்ளிருந்து வாசிக்கிற மாதிரி இருக்கும். தாளத்தில் கொஞ்சம் அந்தத் தட்டலிலும் இருக்கு. அவளின்ர ஒவ்வொரு சொல்லும் தெளிவாய்க் கேட்ட இடத்தில் நிறுத்தினோம். காசில்லாத பிள்ளைகளின் பாட்டு 'சத்தம் சரியில்லை' என்று பாதியில் மூடப்படக் கூடாது.