மணி கட்டாத யானை

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். கோயில் யானைக்குச் சரி. வாளையார் காட்டு யானைக்கு மணி கட்டுவது யார்?

பாலக்காட்டுக் கணவாய்க்கு ரயில் வந்தது 1862ல். இன்று எட்டிமடைக்கும் வாளையாருக்கும் இடையே இரண்டு இருப்புப்பாதைகள் காட்டை ஊடுருவிச் செல்கின்றன. யானைகளின் வலசைப் பாதையும் அதுதான். 2021 நவம்பர் 26ம் தேதி இரவு நவக்கரை அருகே மங்களூர்-சென்னை எக்ஸ்பிரஸ் மோதி மூன்று யானைகள் செத்து விழுந்தன. விளக்கு வெளிச்சத்தில் யானை தெரிந்த பிறகு பிரேக் போட்டுப் பயனில்லை. ரயில் நிற்பதற்கு நூற்றுக்கணக்கான மீட்டர் தேவை. ஓட்டுநருக்குத் தேவை கூர்மையான கண் அல்ல. முன்கூட்டியே ஒரு தகவல்.

அந்தத் தகவலைத் தரக்கூடியது தலைமுடி கனமுள்ள ஒரு கண்ணாடி இழை. பாதையோரம் புதைத்த கேபிளுக்குள் லேசர் ஒளியைத் துடிப்புத் துடிப்பாக அனுப்புகிறார்கள். கண்ணாடியிலுள்ள நுண்ணிய ஒழுங்கின்மைகளில் பட்டு ஒளியின் ஒரு சிறு பகுதி திரும்பி வருகிறது. யானை நடந்தால் மண் அதிரும். இழையும் மயிரிழை அளவு நீளும், சுருங்கும். திரும்பும் ஒளி மாறும். இழைக்குள் ஒளியின் வேகம் விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. 10 கி.மீ. தொலைவுக்குப் போய்த் திரும்ப விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் ஆகும். அந்த நேரத்தைக் கொண்டே யானை நிற்கும் இடத்தைக் கணக்கிடலாம்.

இதற்குச் சாதாரண தொலைபேசி இழையே போதும். ஆனால் திரும்பும் ஒளி மிக மங்கலானது. அதனால்தான் புற ஊதாக் கதிரால் இழை நெடுகச் சிறு பிரதிபலிப்பான்களைப் பொறித்த சிறப்பு இழைகளை ஆய்வகங்கள் உருவாக்குகின்றன. கொல்கத்தாவிலுள்ள மத்தியக் கண்ணாடி மற்றும் பீங்கான் ஆராய்ச்சி நிலையம் சிறப்பு இழைகளில் நீண்ட அனுபவம் உடையது.

வடகிழக்கு எல்லை ரயில்வேயில் கிடைத்த வெற்றியைச் சுட்டிக்காட்டி, 2023 நவம்பரில் ரயில்வே அமைச்சர் 'கஜராஜ்' திட்டத்தை அறிவித்தார். 700 கி.மீ. பாதை, 181 கோடி ரூபாய். பாலக்காடு கோட்டத்தின் காட்டுப் பகுதியும் இந்தத் தொழில்நுட்பத்தை நாடியது.

ஆனால் இழைக்கு அதிர்வு மட்டுமே தெரியும். மாடு, மனிதன், மழை, எதிரே வரும் ரயில் எல்லாமே அதிர்வுதான். யானையின் நடையை மற்றவற்றிலிருந்து பிரித்தறியக் கணினியைப் பழக்க வேண்டும். அடிக்கடி பொய் எச்சரிக்கை வந்தால் நிலைய அதிகாரி அதை மதிக்கமாட்டார். எச்சரிக்கை வராமல் போனால் யானை சாகும். தாமதத்தைப் பொறுத்துக்கொண்டு ரயிலை நிறுத்தும் முடிவை எடுப்பதும் மனிதர்தான்.

ஆகவே கேபிளோடு கடமை முடிந்துவிடாது. இதே பாதையில் யானைகளுக்காகக் கட்டிய சுரங்கவழிகள் இன்னும் தேவை. இரவில் நடந்து காவல் காக்கும் வனக் காவலர்களும் தேவை. கண்ணாடி இழை யானை வருகிறது என்று சொல்லும். அதற்கு வழிவிட வேண்டியது ரயில்தான்.