கடல் இல்லாத ஊர்ல கப்பல்

சித்தூர் டவுன்லயும் கடல் இல்லை, திருப்பதி டவுன்லயும் இல்லை.
கப்பல் ஆசைக்கு மட்டும் குறைச்சலே இல்லை!

திருமலை சுவாமி புஷ்கரிணியில பால்குண மாசம் அஞ்சு நாள் தெப்போற்சவம். தெப்பம் பார்த்து வளர்ந்த பிள்ளைங்க ரிமோட் படகு கட்ட ஆசைப்படுறதுல என்ன ஆச்சரியம்?

1898ல நியூயார்க்ல நிக்கோலா டெஸ்லா ரேடியோ அலையால ஒரு குட்டிப் படகை ஓட்டிக் காட்டினாரு.

இன்னைக்கு அதுக்கு மோட்டார், பேட்டரி, சுக்கானைத் திருப்ப ஒரு சர்வோ, 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் இருந்தா ஆரம்பிச்சிடலாம்.

புதுசா கட்டுறவங்க காசையெல்லாம் மோட்டார்ல கொட்டுவாங்க. படகு முழுகுறதோ புரொப்பல்லர் தண்டு போற ஓட்டையால! அந்தத் தண்டு போற குழாய்க்குள்ள கிரீஸ் அடைக்கணும். ரிமோட் அலையை வாங்குற ரிசீவரோட ஏரியல் தண்ணிக்கு மேல நிக்கணும். அந்த அலை தண்ணிக்குள்ள ரொம்ப தூரம் போகாது.

வெள்ளோட்டத்தை வீட்டுத் தொட்டியிலயே முடிச்சிக்கோங்க. புஷ்கரிணிப் பக்கம் போயிடாதீங்க.

அப்புறம், உங்க ஊர்ல எந்த ஏரியில இப்ப தண்ணி இருக்கு?