ஞாயிறு இரவில் இட்ட கையெழுத்து

என் கையெழுத்திட்ட சோதனை அறிக்கை ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன். ஒரு நிறுவனத்தின் சென்னை, மதுரை அலுவலகங்களுக்கிடையே தொலைபேசிக் குரல் மற்றத் தரவுகளை முந்திச் செல்கிறது என்று சான்றளிக்கும் ஒற்றைப் பக்கம். ஒரு ஞாயிறு இரவில் எழுதியது. பொய்யில்லை, அன்று குரல் துல்லியமாகத்தான் இருந்தது. மறுநாள் காலை மதுரைக் கிளைப் பெண்மணியின் பேச்சு எங்களுக்குத் துண்டு துண்டாக வந்தது. நாங்கள் பேசியதோ அவருக்கு நன்றாகவே கேட்டது. இந்த வேறுபாட்டை அன்றே யோசித்திருக்க வேண்டும். அறிக்கையைக் காட்டி, பழுது அவரது தொலைபேசியில்தான் என்றேன். தெளிவாகப் பேசும்படி மூன்று வாரம் அவருக்கு அறிவுரை சொன்னார்கள்.

அவசரத்தைக் குறிக்கவென்று ஒரு பைட், 1981-ஆம் ஆண்டின் ஐ.பி. ஆவணத்திலேயே ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் ஒதுக்கப்பட்டது. 1998-ல் அதன் 6 பிட்டுகளுக்குப் புதிய இலக்கணம் வகுத்தார்கள். கிடைப்பவை 64 குறிகள். குரலுக்கு வழக்கமாக இடுவது 46. குரல் பெரும்பாலும் நொடிக்கு 50 சிறு பொதிகளாகச் செல்லும். பிந்தி வரும் சொல்லால் பயனில்லை என்பதால் அதற்கு இந்தச் சலுகை.

ஆனால் குறி என்பது வேண்டுகோள் மட்டுமே. சேவை வழங்குநரின் ரூட்டர் அதை மதிக்கலாம், கண்டுகொள்ளாமல் விடலாம், அழித்துப் பூஜ்ஜியமாக்கலாம். அழிப்பதில் அநியாயமும் இல்லை. எல்லோரும் தம் பொதிகளில் 46 என்று எழுதிக்கொண்டால் என்ன ஆகும்? (நம் அரசு அலுவலகக் கோப்புகளில் ‘மிக அவசரம்’ என்ற முத்திரைக்கு நேர்ந்த கதிதான்.) ஆகவே வாடிக்கையாளரின் குறியை நம்பும்படி ஒவ்வொரு முனையிலும் ரூட்டருக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

என் பிழை எளியது. காலியான இணைப்பில் வரிசையே இல்லை. வரிசையில்லாத இடத்தில் யார் யாரை முந்துவது?

மறுசோதனையில் திருச்சிக் கிளையையும் சேர்த்துக்கொண்டு, பெறும் முனையின் 2 மெகாபிட் இணைப்பு கொள்ளாத அளவுக்கு ஐபெர்ஃப் கொண்டு வெற்றுத் தரவைக் கொட்டினோம். அந்த நெரிசலுக்குள் குரலையொத்த இரண்டு ஓட்டங்கள்: ஒன்று குறியுடன், மற்றது குறியின்றி. சென்னையிலிருந்து போனவற்றில் குறியிட்டது முழுதாய்ச் சேர்ந்தது, மற்றது சிதைந்தது. மதுரையிலிருந்து வந்தவை இரண்டும் ஒன்றுபோலவே சிதைந்தன. இரு முனைகளிலும் வயர்ஷார்க்கில் பிடித்துப் பார்த்தோம். மதுரையில் 46 என்று புறப்பட்ட பொதி சென்னையில் 0 என்று இறங்கியது.

(குறி அழியாமல் வந்தால் மட்டும் நிம்மதியடைய முடியாது. எம்.பி.எல்.எஸ். வலையின் உள்ளே முன்னுரிமையைச் சுமப்பது வேறு 3 பிட்டுகள். உறை பத்திரமாக இருக்க, உள்ளே சலுகை தொலைந்துபோகலாம். குறியையும் பார்க்க வேண்டும், நெரிசலில் நடப்பதையும் பார்க்க வேண்டும்.)

வழங்குநரின் பொறியாளர் “எங்க பக்கம் எல்லாம் சரி சார்” என்று ஓர் அமைவுக் கோப்பை அனுப்பினார். உண்மைதான், அது சென்னை ரூட்டருடையது. பிடித்த பொதிகளை அனுப்பியபின், மதுரை ரூட்டரில் விடுபட்ட ஒரு வரி ஒரு மணி நேரத்தில் சேர்ந்துவிட்டது. அதைப் பற்றி யாரும் எதுவும் எழுதவில்லை.

இரு திசைகளிலும் நெரிசலுடன் சோதித்துப் புதிய அறிக்கை கொடுத்தேன். மதுரைக்கு நானே தொலைபேசியில் அழைத்து, பழுது அவருடைய கருவியில் இல்லை என்று சொன்னேன். “அப்படியா சார்” என்றார். அதற்குப் பின்னும் வெகுநாள்வரை அவர் உரக்கவே பேசிக்கொண்டிருந்தார்.