பிள்ளை வரம் கேட்டு நிற்பவர்கள்

திருப்புல்லாணிக்குப் பிள்ளை வரம் கேட்டு யாராவது வராத நாள் அபூர்வம். ஆதி ஜெகந்நாதப் பெருமாள் கோயிலில் தசரதன் வந்து வேண்டிக்கொண்ட பிறகே ராமன் பிறந்தான் என்கிறது தலபுராணம். அதை நம்பி, சேதுக்கரைக் கடலில் முழுகிவிட்டுத் தம்பதிகள் வருவார்கள். அரசமரத்தடியில் நாகப் பிரதிஷ்டை செய்வார்கள். பால் பாயசப் பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குடிப்பார்கள். இந்தப் பக்கத்து ஊர்களில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தொட்டில் கட்டிய வீடுகளையும், தொட்டில் கட்ட வழியில்லாமல் தவித்த வீடுகளையும் அருகிருந்து பார்த்திருக்கிறேன். 'மலடி' என்று ஏசிய வாய்களும் இதே ஊர்களில்தான் இருந்தன. ஆனாலும் அந்த மரத்தடியில் வந்து நின்றவரைப் பார்த்து 'உனக்கெதுக்குப் பிள்ளை' என்று ஒருவரும் கேட்டதில்லை.

திருநங்கைகளிடம் அதைக் கேட்கிறார்கள். திருநம்பிகளிடமும், துணையாகச் சேர்ந்து வாழும் இரண்டு பெண்களிடமும், இரண்டு ஆண்களிடமும் கேட்கிறார்கள். எனக்குப் பழக்கமான திருநங்கை ஒருத்தி ராமநாதபுரத்தில் காய்கறி வியாபாரம் செய்கிறாள். "ஏம்மா, நான் போய் நின்னா அந்தப் பாயசத்தை எனக்கும் குடுப்பாகளா?" என்றாள். "வா தாயி" என்று கூட்டிப் போனேன். கொடுத்தார்கள். குடித்து முடித்துவிட்டு, "பாயசம் கெடைச்சிருச்சு. பிள்ளைக்கு எந்த ஆபீசுக்கும்மா போகணும்?" என்று கேட்டாள்.

சில காலம் கழித்து, சமூகப்பணி படித்த இந்தப் பகுதிப் பிள்ளைகள் சிலர் என்னைத் தேடி வந்தார்கள். திருநங்கைகள், திருநம்பிகள், தன்பாலீர்ப்பாளர்கள் போன்ற பால்புதுமையர் பெற்றோராவதற்குத் துணை நிற்கும் சிறிய அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கப் போகிறோம், நீங்களும் அறங்காவலராக இருக்க வேண்டும் என்றார்கள். சரி என்று சொல்வதற்கு முன் அவர்களிடம் நிறையப் பேசினேன். அந்தப் பேச்சை இங்கே எழுதி வைக்கிறேன். இதே எண்ணத்தோடு வேறு ஊர்களிலும் பிள்ளைகள் இருக்கக்கூடும்.

முதலில் நூரி அம்மாவைப் பற்றித்தான் சொன்னேன். அவர் ராமநாதபுரத்தில் பிறந்த திருநங்கை. சிறு வயதிலேயே வீட்டைவிட்டு வெளியேறிச் சென்னைக்குப் போனவர். 1987-இல் தனக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதை அறிந்துகொண்டார். அப்போது இந்த நோயின் பெயரைக்கூட உரக்கச் சொல்ல மாட்டார்கள். இங்கே மருந்தும் கிடையாது. எய்ட்ஸால் இறந்துபோன தன் நண்பர்கள் மூவரின் பெயர்களில் இருந்து முதல் எழுத்துகளை எடுத்து, எஸ்.ஐ.பி. நினைவு அறக்கட்டளை என்று பெயர் வைத்தார். எச்.ஐ.வி. தொற்றோடு பிறந்து, சொந்தங்கள் கைவிட்ட குழந்தைகளுக்கு அங்கே வீடு அமைந்தது. அவர்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார், வேளை தவறாமல் மருந்து கொடுத்தார், அவர்களுக்கு அம்மாவாக இருந்தார். திருநங்கையால் பிள்ளை வளர்க்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு, நம் மண்ணில் பிறந்த நூரி அம்மாவின் வாழ்க்கை எப்போதோ பதில் சொல்லிவிட்டது.

மும்பையில் கௌரி சாவந்தும் அப்படித்தான். பாலியல் தொழிலாளியான தாய் இறந்த பிறகு காயத்ரி என்ற சிறுமியைத் தன் மகளாக எடுத்து வளர்த்தார். 2017-இல் வந்த விக்ஸ் விளம்பரத்தால் அந்தத் தாயையும் மகளையும் நாடே அறிந்தது. பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள். ஆனால் சட்டப்படி தத்தெடுக்கத் தன்னைப் போன்றவர்களுக்கும் உரிமை வேண்டும் என்று அவர் நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. விளம்பரத்தைக் கொண்டாடியவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

பாசம் இருக்கிறது, காகிதம் இல்லை. இந்த அறக்கட்டளை கை வைக்க வேண்டிய இடம் அதுதான் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். ஜமாத் என்று சொல்லும் திருநங்கைகளின் சமூகத்துக்குள் அம்மா, மகள், நானி (பாட்டி) என்று உறவுகள் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்கின்றன. வீட்டார் துரத்திய பிள்ளையைச் சோறு போட்டு மகளாக்கிக்கொண்ட அம்மாக்கள் அங்கே உண்டு. ஆனால் மகள் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது கையெழுத்துப் போடவோ, பள்ளிச் சேர்க்கைக்குப் போய் நிற்கவோ அந்த அம்மாவிடம் ஒரு தாளும் இருக்காது.

சட்டத்தில் எந்தக் கதவு திறந்திருக்கிறது, எது சாத்தியிருக்கிறது என்பதைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ளாமல் பெயர்ப் பலகை மாட்டக் கூடாது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றத்தில் வந்த நல்சா தீர்ப்பு, தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையைத் தந்தது. 2018 செப்டம்பர் 6 அன்று தன்பாலீர்ப்பு குற்றமில்லை என்றானது. 2019 ஏப்ரல் 22 அன்று வந்த தீர்ப்பு நமக்கு இன்னும் நெருக்கமானது. தூத்துக்குடி சங்கர ராமேஸ்வரர் கோயிலில் ஒரு ஆணும் ஒரு திருநங்கையும் திருமணம் செய்துகொண்டார்கள். அதைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்தார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்தது. இந்துத் திருமணச் சட்டத்தில் 'மணமகள்' என்றால் அதில் திருநங்கையும் அடக்கம் என்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். இதன் பலனைப் பலர் இன்னும் உணரவில்லை. தத்தெடுப்பு ஒழுங்குமுறை விதிகள், 2 ஆண்டு நிலையான மண வாழ்க்கை உள்ள தம்பதியைக் கேட்கின்றன. திருமணத்தைப் பதிவு செய்த திருநங்கையும் அவள் கணவனும் தம்பதி என்ற முறையில் விண்ணப்பிக்க இந்தத் தீர்ப்பு வழி காட்டுகிறது. அவர்களைப் பதிவு அலுவலகம் வரை கூட்டிப் போகவும், அங்கே மறுத்தால் இந்தத் தீர்ப்பின் நகலை எடுத்து மேசைமேல் வைக்கவும் ஆள் வேண்டும்.

இரண்டு பெண்களுக்கும் இரண்டு ஆண்களுக்கும் நிலைமை வேறு. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்தது. மணமான தம்பதியையே கேட்கும் தத்தெடுப்பு விதியை நீக்க வேண்டும் என்று இரண்டு நீதிபதிகள் சொன்னார்கள். மூன்று பேர் மறுத்தார்கள். ஆகவே தன்பாலின இணையர் சேர்ந்து தத்தெடுக்க முடியாது. தனி ஆளாக விண்ணப்பிக்கலாம் என்றாலும் அதிலும் முடிச்சு இருக்கிறது. தனிப் பெண் எந்தக் குழந்தையையும் தத்தெடுக்கலாம், தனி ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. திருமணம் இல்லாமல் துணையோடு சேர்ந்து வாழ்பவரின் விண்ணப்பத்தை ஏற்கக் கூடாது என்று மத்தியத் தத்தெடுப்பு ஆணையம் 2022 ஜூனில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. வாடகைத்தாய்ச் சட்டமும் மணமான தம்பதிகளுக்கும், 35 முதல் 45 வயதுக்குட்பட்ட விதவை அல்லது விவாகரத்தான பெண்களுக்கும் மட்டுமே இடம் தருகிறது. செயற்கைக் கருத்தரிப்புச் சட்டத்தில் 21 வயதைக் கடந்த, 50 வயதுக்கு உட்பட்ட தனிப் பெண் சிகிச்சை பெறலாம். திருநங்கை தனியாகத் தத்தெடுக்க விரும்பினால் இன்னொரு சங்கடம். விதிகள் ஆண், பெண் என்ற இரண்டு சொற்களில்தான் பேசுகின்றன.

இதைக் கேட்டதும் பிள்ளைகளில் ஒருத்தி, "அப்ப துணை இருக்கறத மறைச்சுட்டு அப்ளை பண்ணச் சொல்லலாமா ஆச்சி?" என்று கேட்டாள். வேண்டாம் என்று சொன்னேன். தத்தெடுக்கக் கேட்பவரின் வீட்டைப் பார்த்து விசாரிக்கும் வீட்டாய்வுக்குச் சமூகப் பணியாளர் வருவார். பொய்யில் தொடங்கிய உறவு பின்னாளில் வெளிப்பட்டால் முதலில் அடிபடுவது குழந்தை. ஒரு வீட்டை இழந்து வந்த பிள்ளைக்கு இரண்டாவது வீடும் ஆட்டம் காணக் கூடாது. சட்டம் அநியாயமாக இருந்தால் அதை நேரே நின்று எதிர்க்க வேண்டும். அதற்குரிய வழக்கறிஞர்களோடு கைகோக்கலாம். நம்மை நம்பி வருகிறவரை அதற்குப் பணயம் வைக்கக் கூடாது.

சாத்திய கதவுகள் சாத்தியபடியே இருக்கும் என்றும் நான் நினைக்கவில்லை. 2023 பிப்ரவரியில் கோழிக்கோட்டில் சஹத் என்ற திருநம்பிக்கும் சியா பாவல் என்ற திருநங்கைக்கும் குழந்தை பிறந்தது. கருவைச் சுமந்தவர் சஹத். பிறப்புச் சான்றிதழில் தந்தை, தாய் என்று பிரித்து எழுதாமல் 'பெற்றோர்' என்று எழுதித் தரக் கேட்டு இருவரும் உயர் நீதிமன்றம் போனார்கள். 2025 ஜூனில் கேரள உயர் நீதிமன்றம் அவர்கள் கேட்டபடியே உத்தரவிட்டது. அதற்குச் சில நாட்கள் முன்பு, 2025 மே மாதம், நம் சென்னை உயர் நீதிமன்றம் இன்னொரு வழக்கில், குடும்பம் அமைய திருமணம் ஒன்றே வழியில்லை, தாங்களே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று சொன்னது. ஆனால் தீர்ப்புகள் தாமாக நடந்து திருப்புல்லாணிக்கு வந்துவிடாது. யாராவது அவற்றைச் சுமந்துகொண்டு வர வேண்டும்.

குழந்தை தேடிக் கொடுப்பதை மட்டும் எந்தக் காலத்திலும் செய்யாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொன்னேன். "அந்த ஊர்ல ஒரு பொண்ணுக்கு வேண்டாத குழந்தை இருக்காம், வாங்கித் தந்துரலாமா" என்று கருணையோடு கேட்பவர்களும் வருவார்கள், கமிஷனுக்குக் கேட்பவர்களும் வருவார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான். 2019-இல் ராசிபுரத்தில் பச்சைக் குழந்தைகளை விலை பேசி விற்ற கதை வெளியே வந்தபோது நாடே அதிர்ந்தது. குழந்தையை விற்பதற்கும் வாங்குவதற்கும் இளைஞர் நீதிச் சட்டம் 5 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கிறது. தண்டனைக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை. செவிலியராக இருந்தபோது, பெற்ற பிள்ளையைப் பிரிந்த தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். பால் கட்டிக்கொண்ட மார்போடு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார்கள். அந்தத் தாய்க்கும் நியாயம் வேண்டும். நம் அரசு 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. வளர்க்க இயலாத குழந்தையை முறைப்படி ஒப்படைக்க வழி இருக்கிறது. ஆதரவில்லாத குழந்தையைப் பார்த்தால் 1098-க்குச் சொல்லுங்கள். அதற்கப்புறம் நடக்க வேண்டியதை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு பார்த்துக்கொள்ளும்.

அப்படியானால் அறக்கட்டளைக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். நிறைய இருக்கிறது. ஆதாரில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், வங்கியில் இன்னொரு பெயர் என்றிருக்கும் திருநங்கைக்கு எல்லாவற்றையும் ஒன்றாக்கித் தருவதற்கே மாதக்கணக்கில் ஆகும். மருத்துவச் சான்று, வருமானச் சான்று, போலீஸ் சரிபார்ப்பு எல்லாம் வேண்டும். வாடகை வீடு கொடுக்கவே யோசிக்கும் தெருவில், வீட்டாய்வுக்கு வரும் சமூகப் பணியாளர் அக்கம்பக்கத்தில் விசாரித்தால் என்ன சொல்வார்கள்? ஆகவே தெருவோடும் பேச வேண்டும். மாமியார், மச்சான், டீக்கடைக்காரர் எல்லோரோடும் பேச வேண்டும். ஊரில் வயதானவர்களுக்கு இந்த வேலையில் இடம் உண்டு. நான் போய் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினால் அந்தத் தெருப் பெண்கள் காது கொடுப்பார்கள்.

2024-இல் வந்த வளர்ப்புப் பராமரிப்பு வழிகாட்டுதல், 35 முதல் 60 வயது வரையுள்ள தனி ஆட்களும் குழந்தையை வீட்டில் வைத்து வளர்க்கவும், 2 ஆண்டுக்குப் பின் தத்தெடுக்கக் கேட்கவும் இடம் தருகிறது. இதை அறிந்தவர்கள் நம் மாவட்டத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? இணையரில் ஒருவருக்கு மட்டுமே சட்டப்படி பிள்ளை என்றால், நாளை அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் குழந்தை என்னாகும்? வழக்கறிஞரை வைத்து உயில் எழுதி, யார் காப்பாளராக வர வேண்டும் என்ற விருப்பத்தைப் பதிவு செய்து வைக்க வேண்டும். நீதிமன்றம் குழந்தையின் நலனைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். ஆனாலும் எழுதி வைத்த சொல்லுக்கு எடை உண்டு.

நியூயார்க்கில் 'மென் ஹேவிங் பேபீஸ்' என்ற அமைப்பு இருக்கிறது. 2005-இல், அப்பா ஆன தன்பாலீர்ப்பாளர்கள் அப்பா ஆக விரும்புகிறவர்களோடு உட்கார்ந்து பேசும் கூட்டமாகத்தான் அது ஆரம்பித்தது. 2012-இல் தனி அமைப்பாயிற்று. பணம் இல்லாதவர்களுக்கு இன்று உதவியும் செய்கிறது. அது வாடகைத்தாய் வழியை நம்பிய அமைப்பு. அந்த வழி நமக்கு ஒத்துவராது. ஆனால் பேச உட்கார்ந்ததில் தொடங்கினார்கள் என்பதைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும் என்று விரும்பினேன். கட்டடம், வாகனம், லோகோ எல்லாம் அப்புறம் வரட்டும்.

பதிவு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சங்கமாகப் பதிய 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி 7 பேர் வேண்டும். அறக்கட்டளைக்குப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளரிடம் பதிந்தால் போதும். வருமான வரித் துறையில் அறக்கட்டளைக்கான பதிவும், நன்கொடையாளருக்கான வரிச்சலுகை அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்த்து உட்காராதீர்கள். அதற்குரிய பதிவு பெறப் பொதுவாக 3 ஆண்டு வேலை செய்து காட்ட வேண்டும். குழந்தை சம்பந்தப்பட்ட பணத்துக்கு ஒரு ரூபாய் விடாமல் ரசீது வேண்டும். யார் வந்து ஆராய்ந்தாலும் ஐந்தே நிமிடத்தில் கணக்கை எடுத்துக் கொடுக்கும்படி இருங்கள். பால்புதுமையருக்காக வேலை செய்யும் அமைப்பில் சிறு கறை கண்டாலும் அதை அந்த மக்கள் எல்லோர் மேலும் பூசிவிடுவார்கள்.

'வரத் தயார்' என்று கடைசியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். காய்கறிக்காரியின் பெயர் இப்போது எல்லாச் சான்றிதழிலும் ஒன்றாகிவிட்டது. கணவனோடு திருமணப் பதிவுக்கு மனு தயாராகிறது. அவளுக்குப் பிள்ளை கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. தத்தெடுக்கக் காத்திருப்பவர்களின் வரிசை நாடு முழுவதும் நீண்டு கிடக்கிறது. அந்த வரிசையில் அவளும் நிற்பதற்கு வேண்டிய தாள்களைத் தேடிக் கொடுக்கிறோம்.

ராமநாதபுரம், பரமக்குடி, கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கத்தில் இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் வழக்கறிஞராக இருந்தால் மாதம் ஒரு மதியப் பொழுதைக் கொடுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியராக இருந்தால் விண்ணப்பம் நிரப்ப வாருங்கள். வீடு வாடகைக்கு விடுபவராக இருந்தால், வந்து கேட்கிற திருநங்கைக்கு வீடு கொடுங்கள். நிலையான முகவரி இல்லாமல் வீட்டாய்வே தொடங்காது.